இரண்டாவதாக வந்தவன்

தோட்டத்துக் கங்காணி சின்னையா மண்டோர் ஐந்தாவது லயத்து வரிசை வீடுகளுக்குள் வந்தபோது யாரும் எழுந்து நிற்கவில்லை. முன்பெல்லாம் நிற்பார்கள். ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் எண்ணெய்க்கான செம்பனை நட ஆரம்பித்த பிறகு, நோட்டீஸ் வாங்கிய லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன. முதலாவது லயத்தில் கோழிகூட இல்லை. நாலாவது லயத்துக் கதவுகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நோட்டீஸ் கொண்டுவருகிறவருக்கு எதற்கு எழுந்து நிற்பது?

“ஒங்க லயத்துல ஒரு ஆள நிப்பாட்டிக்க தொரை ஒத்துக்கிட்டாரு,” என்றார் மண்டோர். தொப்பியைக் கழற்றி அதாலேயே விசிறிக்கொண்டார். “ஒரே ஒரு ஆளு. வேலையும் உண்டு, வீடும் உண்டு. மத்தவங்க மாசக் கடைசியில சாமான ஏத்திறணும்.”

“யாரு அந்த ஆளு?” என்று கேட்டான் பாலகிருஷ்ணன்.

“அத நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க. திங்கக்கெழம காலையில பெரட்டுல வந்து பேரச் சொல்லுங்க. நான் ஒருத்தன் பேரச் சொன்னா, மண்டோரு கைநீட்டி வாங்கிட்டான்னு பேசுவீங்க. எனக்கு எதுக்குலா அந்தப் பொல்லாப்பு?”

அவர் போய்விட்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் செம்மண் சடக்குப் பாதையில் தேய்ந்து போயிற்று.

ஐந்தாவது லயத்தில் நாலு குடும்பங்கள்தான் மிச்சம். நவமணியும் அவன் மனைவி லீலாவதியும் ஒரு வீட்டில். அவளுக்கு நிறைமாதம். பக்கத்து வீட்டில் கங்கா, மூன்று பிள்ளைகளோடு. அவள் புருஷன் கப்பல் பட்டறை வேலைக்கென்று சிங்கப்பூர் போனவன். முதலில் பணம் வந்தது, பிறகு கடிதம் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்த வீடு பாலகிருஷ்ணனுடையது. கல்யாணமாகாதவன், கண் மங்கிப்போன அப்பாவும் அம்மாவும் அவனோடு. கடைசி வீட்டில் ரமணி. நாலு பேரில் மூத்தவர். ஒரு மனைவியும் ஓர் இருமலும் உள்ளவர். நாலு பேருமே பால் மரம் வெட்டுகிறவர்கள்.

யூனியனிலிருந்து ஆள் வந்து பேசிவிட்டுப் போயாகிவிட்டது. நோட்டீஸ் சட்டப்படிதான் இருக்கிறது என்று அவரும் சொல்லிவிட்டார்.

குழாயடியில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பேச்சு சீக்கிரமே அசிங்கமாகப் போயிற்று. யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அப்படிச் சொல்லும்போது அடுத்தவர் கஷ்டத்தைச் சின்னதாக்காமல் முடியவில்லை.

“ஒனக்கென்னக்கா, ஒம் புருஷன் சிங்கப்பூர் டாலர்ல சம்பாரிக்கிறாரு,” என்றான் பாலகிருஷ்ணன்.

“ஆமாடா, வாரா வாரம் மூட்ட மூட்டையா வருது. நீதான எறக்கி வைக்கிறே,” என்றாள் கங்கா. “நீ ஒத்தக்கட்ட. ராவாங்கு பெக்டரி கேட்டுல போய் நில்லு, இழுத்துப் போட்டுக்குவான். என்னையச் சேப்பானா? மூஞ்சியப் பாத்தே கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகாக்காரன் தொரத்திடுவான்.”

“என்னைய எடுப்பான். அப்பாவையும் அம்மாவையும் எங்க வைக்கிறது? சைக்கிள் கேரியர்லயா?”

நவமணி தன் பங்குக்கு லீலாவதியைப் பற்றிச் சொன்னான். ராவாங்கில் அவன் அண்ணன் புறம்போக்கில் கட்டியிருந்த குடிசையைப் போன வருஷம் உடைத்துவிட்டார்கள். போய் நிற்பதற்கு வேறு வீடு கிடையாது. பிரசவத்துக்கு ஒரு கூரை வேண்டும். சொல்லி முடித்ததும் அவனுக்கே வாய் கசந்தது.

ரமணி இருமி முடித்துவிட்டு, “சீட்டுக் குலுக்கிப் போட்டுறலாம்,” என்றார்.

“யாரு குலுக்கிறது? குலுக்கிறவன் கையப் பாக்க ஒருத்தன், அவன் கையப் பாக்க இன்னொருத்தன். வேணாண்ணே,” என்றாள் கங்கா. “ஒக்காந்த எடத்துல என்னால தோக்க முடியாது.”

“அப்ப என்ன, ரேஸ் வுட்டுறலாமா?”

பாலகிருஷ்ணன் கிண்டலாகத்தான் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் நவமணியைப் பார்த்தார்கள்.

ரேஸை ஆரம்பித்தது நவமணி இல்லை, ஒழுங்குபடுத்தியவன் அவன். பால் எடுத்து முடித்ததும் சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போவார்கள். முதலில் போகிறவர் முதலில் நிறுத்து ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதனால் தினமும் போட்டிதான். ஒருநாள் ஒருவன் இன்னொருவனைப் பாரிட் வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டான். பால் முழுவதும் வாய்க்காலில் வெள்ளையாக ஓடியது. மண்டோர் இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பேர் போடவில்லை; ஒருநாள் கூலி போயிற்று. அதற்குப் பிறகுதான் நவமணி சொன்னான்: வேலை நாளில் வேண்டாம்; ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை ஊற்றி ஓட்டுவோம். ஓட்டுகிறவர்களே நடத்துவோம். ஆபீஸ்காரனும் வேண்டாம், கோயில் தலைவரும் வேண்டாம்.

நல்ல சைக்கிள்காரனே ஜெயிக்கிறான் என்று முணுமுணுப்பு வந்தபோது சைக்கிள்களைக் கலந்துவிட்டான். ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நிறத் துணி வைப்பான். எந்தத் துணி கையில் வருகிறதோ, அதே நிறம் கட்டிய சைக்கிள்தான் அவருக்கு. ஏற்பாடு செய்கிறவன் கடைசி மங்கைத்தான் எடுக்க வேண்டும். வாளிக்கு மூடி கிடையாது. உள்ளே ஆணியால் கீறிய கோடுவரைக்கும் தண்ணீர். மேடு பள்ளத்தில் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். ஒரு விரல்கடை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கியிருந்தால் முதலில் வந்தும் பிரயோசனமில்லை. பலம் இருக்கிறவன் அடித்து ஓட்டினால் வாளி காலியாகிவிடும். அதனாலேயே மற்ற எல்லோரையும்விட கங்கா அதிகம் ஜெயித்திருந்தாள். அவள் ஓட்டும்போது இடுப்புக்குக் கீழேதான் சைக்கிள் ஆடும், தண்ணீர் ஆடாது.

கடைசியில், ஓட்டிய எல்லோரும் வாயைத் திறந்து “சரி” என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் திரும்ப ஓட்ட வேண்டியதுதான். பாலகிருஷ்ணன் ஒருமுறை வீம்புக்குச் சொல்லாமல் நின்றான். திரும்ப ஓட்டினார்கள். அதிலும் தோற்றான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவனை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பக்கத்து ஊரான அசாம் ஜாவா சந்திப்பில் கடை வைத்திருந்தவர் ஒருமுறை பந்தயம் கட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நவமணி சைக்கிள்களைப் படுக்கப் போட்டுவிட்டு, அவர்கள் போகிற வரைக்கும் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

“ஓட்டலாம்,” என்றான் நவமணி இப்போது. “ஆனா எல்லாரும் ஒத்துக்கணும். ரமணியண்ணே?”

“எனக்கு அந்த மேடு ஏறாது. தெரிஞ்சதுதான்,” என்றார் ரமணி. “வீடு கெடச்சாலும் ரொம்ப நாள் இருந்து அனுபவிக்கப் போறவனா நானு? ஓட்டாம குடுத்தேன்னு வேணாம். ஓட்டிட்டே குடுக்கிறேன்.”

சனிக்கிழமை மத்தியானம் வாளிகளைக் கழுவ உட்கார்ந்தார்கள். நவமணிதான் அதைச் சொன்னான். வருஷக்கணக்காகப் பால் சுமந்த வாளிகளின் உள்ளே காய்ந்த ரப்பர் தடிப்பாக ஒட்டிப்போயிருந்தது. ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை. இந்த முறை நவமணிக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவர் வாளி கனமாகவும் இன்னொருவர் வாளி லேசாகவும் இருந்தது என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

“ஒட்ட எல்லாம் உரிச்சிரணும். தகரம் தெரியணும்.”

உரித்தார்கள். நகத்தாலும் உளியாலும் கிளப்பி இழுத்தால் பழைய ஒட்டு தோல் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டே இழுத்தார்கள். கங்கா ஒரு பெரிய தோலை வாளியின் வடிவத்திலேயே முழுசாக உரித்து எடுத்து பாலகிருஷ்ணனின் தலையில் கவிழ்த்தாள்.

“மாப்பிள்ளைக்குத் தலப்பாடா.”

“சிரிக்காதக்கா. பொண்ணு குடுக்க ஆளில்லாம இருக்கேன்.”

அன்றைக்கு அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். எட்டு வாளியும் உள்ளே பளபளவென்று ஆனது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாளியையும் தூக்கிப் பார்த்துத் தட்டிப் பார்த்து, சரி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க யாரையும் கூப்பிடவில்லை. லீலாவதி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ரமணியின் மனைவி அன்னம்மா மட்டும் தண்டவாளத் துண்டைத் தட்டுவதற்காக வந்தாள். ரேஸ் வழி வழக்கமானதுதான்: பழைய பன்னிரண்டாம் நம்பர் ரப்பர் காட்டிலிருந்து புறப்பட்டு, வாய்க்காலை ஒட்டிய சடக்கில் போய், பலகைப் பாலம் தாண்டி, மேடேறி, பால் ஸ்டோர் வாசல். சடக்கின் ஒரு பக்கம் சாய்த்துப்போட்ட ரப்பர் மரங்கள் வேரோடு கிடந்தன. மறுபக்கம் முழங்கால் உயரச் செம்பனைக் கன்றுகள்.

மங்கு எடுத்தார்கள். கங்காவுக்குச் சிவப்பு. ரமணிக்குப் பச்சை. பாலகிருஷ்ணனுக்கு மஞ்சள், அவனுடைய சொந்தச் சைக்கிளே வந்தது. கடைசி மங்கில் நவமணிக்கு நீலம். அது ரமணியின் பழைய ராலி, பிரேக் பாதிதான் பிடிக்கும். வாளிகளும் அந்தந்தச் சைக்கிளோடு சேர்ந்தவை. கோடுவரை தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டார்கள். அன்னம்மா இரும்பைத் தட்டினாள்.

பாலத்துக்கு முன்னாலேயே ரமணி இருமலோடு இறங்கித் தள்ள ஆரம்பித்தார். பாலகிருஷ்ணன் வேகமாகப் போய், பாலத்துப் பலகையில் குலுங்கி, தண்ணீர் முதுகில் அடிக்க, கெட்ட வார்த்தை சொன்னான். நவமணி அவனைத் தாண்டினான். முன்னால் கங்கா போய்க்கொண்டிருந்தாள். கைலியைத் தூக்கிச் செருகிய கால் ஒரே சீராக மிதித்தது. மேட்டில் நெருங்க முடிந்தது, தாண்ட முடியவில்லை. அவளே முதலில் ஸ்டோர் வாசலைத் தொட்டாள்.

குச்சி வைத்துப் பார்த்தார்கள். வலது வாளி கோட்டிலிருந்து கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. இடது வாளியில் நாலு விரல் குறைந்திருந்தது.

கங்கா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். குச்சியை வாங்கி அவளே ஒருதரம் வைத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நவமணியின் இரண்டு வாளியும் கோட்டுக்குள் இருந்தது. பாலகிருஷ்ணனுடையது பாதிக்கு வந்திருந்தது.

“அண்ணன்தான்,” என்றான் பாலகிருஷ்ணன். வாய்க்குள்ளேயே, “சரி,” என்றான். ரமணி மேட்டின் அடியிலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து, “சரி,” என்றார்.

இனி கங்கா சொல்ல வேண்டும். அவள் ஹேண்டிலைப் பிடித்தபடியே நின்றாள். அவளுடைய மூத்த மகளுக்கு இந்த வருஷம் பரீட்சை. பள்ளிக்கூடம் தோட்டத்திலேயே இருந்தது.

நவமணி நின்ற பக்கத்திலிருந்துதான் அது தெரிந்தது. இடது வாளிக்கு நேர் கீழே, காய்ந்த செம்மண்ணில் ஒரு கறுப்பு வட்டம். வட்டத்தின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. அவன் திரும்பி, வந்த வழியைப் பார்த்தான். சிந்திய தண்ணீர் அங்கங்கே தெறித்துக் கிடக்கும். இது மேடு நெடுக ஒரு நூல் மாதிரி நேராக வந்திருந்தது. அடித் தகரம் ஒட்டின இடத்தில் ஓட்டை. வருஷக்கணக்காக அதைக் காய்ந்த பால் அடைத்து வைத்திருக்கிறது. நேற்று இவன் சொல்லித்தான் அதை உரித்தார்கள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த நூல் காய்ந்துவிடும். லீலாவதி இப்போது வாசற்கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

“சரி,” என்றாள் கங்கா.

“இல்ல,” என்றான் நவமணி. “நான் சொல்லல. வாளி ஒழுகுது.”

பாலகிருஷ்ணன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “பைத்தியமாண்ணே ஒனக்கு? நேத்து எல்லாரும் தட்டிப் பாத்துத்தான சரின்னோம்? அவங்களே சரின்னுட்டாங்க. ஜெயிச்சவன் சரி சொல்ல மாட்டேங்கிறத இப்பத்தான் பாக்கிறேன்.”

“அது சிந்துன தண்ணியில்ல. ஒழுகுன தண்ணி. திரும்ப ஓட்டணும்.”

கங்கா அவனையே பார்த்தாள். நன்றியான பார்வை இல்லை அது.

“இப்பத்தான் பாத்தியா, முன்னாடியே பாத்தியா?”

“இப்பத்தான்.”

“எங்காலெல்லாம் ஈரம். நான் சிந்துறேன்னு நெனச்சு மெதுவா மிதிச்சேன்,” என்றாள். வாளியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலால் ஓர் உதை உதைத்தாள். அது மேட்டில் உருண்டு போனது.

வேறு வாளி கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றித் தூக்கி வைத்து, ஒரு சிகரெட் தீர்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒழுகவில்லை. மங்கு திரும்பக் கவிழ்த்தார்கள். ரமணி தன்னால் முடியாது என்றார். யார் வந்தாலும் தன் சரி உண்டு என்றார். இந்தத் தடவை கங்காவுக்கு அந்தப் பழைய ராலி வந்தது. நவமணிக்குக் கடைசி மங்கிலிருந்து வந்தது, எல்லாவற்றிலும் நல்ல சைக்கிள். பாலகிருஷ்ணன் அவன் முதுகில் தட்டினான். “சாமி ஒம் பக்கம் இருக்குண்ணே. கெடுத்துக்காத.”

நவமணி விட்டுக்கொடுக்கவில்லை. அவன் அப்படிப்பட்டவனும் இல்லை. ஓட்டையைச் சொன்னது வேறு, ஓட்டுவது வேறு. பன்னிரண்டாம் நம்பர் காட்டுக்குத் திரும்பிப் போய்ப் புறப்பட்டபோது, வாய்க்கால் ஓரத்தில் அவனே முன்னால் போனான். பாலம் வருகிறவரை முன்னால்தான் இருந்தான். பலகையில் ஏறும்போது தண்ணீர் தளும்பிற்று. கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. கங்காவின் பிரேக் பாதிதான் பிடிக்கும். அதை நம்ப முடியாததால் பிடிக்காமலே போனாள். பலகை தடதடக்க, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுத்துக்கொண்டே போனாள். மேட்டில் நவமணி எழுந்து நின்று மிதித்தான். தொடையில் நரம்பு இழுத்தது. அவள் முதுகுக்கும் தன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லாமல் வந்து, அப்படியே தோற்றான்.

குச்சி வைத்தார்கள். இரண்டு வாளியிலும் தண்ணீர் கோட்டை ஒட்டி நின்றது.

“சரி,” என்றார் ரமணி.

“சரி,” என்றான் பாலகிருஷ்ணன், நவமணியைப் பார்க்காமல்.

நவமணிக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு சொன்னான். கங்கா தரையில் உட்கார்ந்து கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பின்னாலேயே நடந்து வந்துசேர்ந்த அன்னம்மா பக்கத்தில் போய் அவள் தலையில் கையை வைத்தாள்.

லீலாவதிக்குச் சேதி முன்னாலேயே போய்விட்டிருந்தது. பாலகிருஷ்ணனின் வாய் சும்மா இருக்காது. நவமணி உள்ளே வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டைகளை ஒரு பக்கம், தன் துணிகளை ஒரு பக்கம், குழந்தைக்கென்று கிழித்து வைத்த பழைய சேலைத் துண்டுகளை நடுவில்.

“வாளி ஒழுகுனது ஒங்களுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிச்சாம்.”

“ம்.”

“மொதல்ல வந்தவளே சரின்னாளாம். தோத்தவளா இருந்தும் சரின்னாளாம். நீங்கதான் சரியில்லன்னீங்களாம்.”

“லீலா, மூணு புள்ளைங்க அவளுக்கு.”

“எனக்கு எத்தன இருந்தா போதும், சொல்லுங்க.”

அவன் சட்டையைக் கழற்றினான். அவள் அதையும் வாங்கி மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் கூட்டமே இல்லை. முன்பு ஆபீஸ் வாசல் நிறையும். இப்போது விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்துக்குள் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அம்பிகைபாகன் செக்ரோல் பேரேட்டை மேசையில் விரித்து வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னையா மண்டோர் பக்கத்தில் நின்றார்.

“அஞ்சாவது லயம். பேரு?”

“கங்கா,” என்றான் நவமணி. அதை அவன்தான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

மண்டோர் சிரித்தார். யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “வெளையாடுறீங்களா? பொம்பளையா?”

“எங்களுக்குள்ள முடிவு பண்ணியாச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டோம்.”

கிராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். “பிள்ளை, இது குலை வெட்டுற வேலை. பெரிய செம்பனைக் காட்டுக்கு ஆள் வேணும். பால் வேலை இனி இந்தத் தோட்டத்தில இல்லை. பொம்பிளையளைக் குலை வெட்டப் போடுறேல்லை.”

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாளியைக் கழுவினார்கள், கோட்டைப் பார்த்தார்கள், சைக்கிளைக் கலந்தார்கள். என்ன வேலை என்று மட்டும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து பால் வேலை. வேலை என்றால் வேறு என்னவென்று கேட்க யாருக்குத் தோன்றும்?

“மண்டோரு சொல்லலியே,” என்றான் நவமணி.

“நீங்க கேக்கலியே.”

கங்கா முன்னால் வந்தாள். “குலதான? அருவாக் கம்பக் குடுங்க. வெளிச்சம் வரட்டும், வெட்டிக் காட்டுறேன். முடியலன்னா நானே போயிர்றேன்.”

“நீ வெட்டிருவே தாயி. அப்புறம் தொரை என்னைய வெட்டிருவாரு,” என்றார் மண்டோர்.

“நீங்க பேரக் கேட்டீங்க. ஆம்பளப் பேரான்னு கேக்கலியே.” அவள் குரல் உயர்ந்தது. “நான் ஜெயிச்சேன். எல்லாரும் சரின்னாங்க. கேளுங்க இவங்கள!”

கிராணி பேனாவை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஆபீஸ் வேனில் ஏற்றி அனுப்புகிறவர். “நான் என்ன செய்யிறது, பிள்ளை? துரை ஒரு ஆம்பிளைப் பேர் கேட்டவர். அதை நான் இப்ப எழுத வேணும். இல்லையெண்டால் ஒப்பந்தம் எடுத்த கொந்திராக்காரன்ர ஆளைப் போட்டு வீட்டையும் குடுத்திடுவினம். பிறகு உங்கட லயத்துக்கு ஒண்டுமில்லை.”

மண்டோர் கேட்டார்: “சரி, ரெண்டாவது யாரு வந்தா?”

ரமணிகூட இருமவில்லை. பாலகிருஷ்ணன் செருப்பால் மண்ணைக் கீறினான். நவமணி, ஒரு பேர்தான் கொடுத்தோம், வேறு பேர் இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தான். அப்படிச் சொன்னால் வீடு கங்காவுக்கும் இல்லை, தனக்கும் இல்லை, யாரோ ஒருவனுக்கு. அதை அவன் மனது கணக்குப் போட்டுவிட்டது. போடாமல் இருந்திருக்கலாம். துணி மடித்த லீலாவதியின் கை கண்ணுக்குள் வந்தது. கங்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. கிராணியின் பேனா முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருப்பா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நாந்தான்,” என்றான் நவமணி.

கிராணி எழுதினார்.

மாதக் கடைசிக்கு முன்னாலேயே லோரி வந்தது. கங்காவின் தூரத்துச் சொந்தம் ஒருவன் கடலோர ஊரான பாகான் நக்கோடா ஓமாரில் மீன் காய வைக்கிற கொட்டகையில் இருந்தான். அங்கே அவளுக்கும் ஒரு வேலை, கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. பள்ளிக்கூடம் எங்கே என்று தெரியவில்லை. பாலகிருஷ்ணன் அதற்கு முந்தின நாளே அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராவாங்குக்குப் போய்விட்டான். போகும்போது நவமணியின் வாசலில் நின்று, “நல்லா இருண்ணே,” என்றான். அதில் குத்தல் இருந்ததா என்று நவமணிக்குக் கடைசிவரை தெரியவில்லை. ரமணியும் அன்னம்மாவும் மகள் வீட்டுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நவமணி குலை வெட்டிவிட்டு வந்த கையோடு கங்காவின் வீட்டுக்குப் போனான். புதுக் கம்பு உரசி உள்ளங்கை கொப்புளம் உடைந்திருந்தது. முள் குத்திய முழங்கை வீங்கியிருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை அவள். அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அவன் மறுபக்கத்தைப் பிடித்தான். தூக்கி ஏற்றினார்கள். கட்டில் பலகை, தையல் மிஷின், சாமிப் படம், பிள்ளைகளின் புத்தகப் பை. லோரிக்காரன் முன்சீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகள் மூன்றும் சாமான்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டன.

“லீலாவதிக்கு வலி எடுத்திருச்சா?” என்று கேட்டாள் கங்கா.

“இன்னும் இல்லக்கா. இன்னிக்கோ நாளைக்கோ.”

“வெந்நி கைவசம் வச்சுக்க. ஒத்தையா வுட்டுட்டுக் காட்டுக்குப் போகாத. இனி லயத்துல கூப்புட்டா வர்றதுக்கு ஆளில்ல.”

“அக்கா...”

“சொல்லாத,” என்றாள். கயிற்றின் ஒரு முனையை லோரியின் கொக்கியில் கட்டிக்கொண்டே பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை. “அந்த வாளி ஒழுகுனத நீ பாக்காத மாதிரி இருந்திருக்கலாம் தம்பி. அன்னிக்கே நான் சரின்னுட்டேன். தோத்துட்டோம், போவோம்னு மனச எறக்கிட்டேன். நீதான் திரும்ப ஓட்டவச்சே. ஜெயிக்க வச்சே. ஒரு ராத்திரி முழுக்க எம் புள்ளைங்ககிட்ட வீடு நமக்குத்தான்னு சொல்லிப் படுக்க வச்சேன். அப்புறம் பெரட்டுல நின்னு இன்னொருக்கா தோக்க வச்சே. ஒருத்திய ரெண்டு தடவ தோக்கடிக்கிறதுக்கா இத்தன சுத்தமா நடத்துனே?”

நவமணி லோரியின் மறுபக்கம் நின்றான். அவள் தலை மட்டும் சாமான்களுக்கு மேலே தெரிந்தது. சொல்லத் தோன்றியதெல்லாம் தனக்குச் சாதகமாகவே இருந்தது.

கங்கா கயிற்றைச் சுருட்டி அவன் பக்கம் வீசினாள்.

“இழு,” என்றாள்.

இழுத்தான். கொப்புளம் உடைந்த கையில் கயிறு அறுத்தது.

“அலமாரி ஆடுது. இன்னும் இழு.”

அவன் லோரிச் சக்கரத்தில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான்.